குழந்தைக்கு எக்சிமா: கொழும்பில் எங்கே காட்டுவது, என்ன பூசுவது, எதற்குக் காசு கொடுக்காமல் விடுவது

பிள்ளையின் கன்னம் சொரசொரத்து, தூக்குகிற ஆளின் தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுகிறது, இரவில் நித்திரை இல்லை என்றால் இது உங்களுக்கானது. எங்கள் மகளுக்கு நான்கு மாதமானபோது இது தொடங்கியது. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிறீமின் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதியை வாங்கியும் வைத்தோம். இந்த வருத்தத்தில் மருந்துக்குப் போகும் காசு குறைவு. அடியோடு மாற்றிவிடும் ஒரு கிறீமைத் தேடுவதில்தான் பெரும்பகுதி கரைகிறது. அப்படி ஒரு கிறீம் கிடையாது. எக்சிமா, அதாவது தோல் வறண்டு தடித்துக் கடிக்கும் (அரிக்கும்) இந்த வருத்தம், கட்டுப்படும், இடைக்கிடை திரும்பக் கிளம்பும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும். இதை ஏற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

1. முதலில், இது எக்சிமாதானா?

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். கன்னம், நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்பக்கம் ஆகியவை முதலில் வறண்டு தடிக்கும். முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் பெரும்பாலும் பிறகுதான் வரும். நாப்கின் கட்டும் இடம் ஈரமாகவே இருப்பதால் அங்கே அநேகமாக வராது. அங்கே மட்டும் சிவந்திருந்தால் அது வேறு பிரச்சினை.

இணையத்தில் வரும் படங்களை நம்பி ஒப்பிடாதீர்கள். அவை பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை, பளிச்சென்று சிவப்பாக இருக்கும். நம் பிள்ளைகளின் நிறத்தில் அது கருமையாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்தது போலவோ தெரியும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு சட்டென்று பிடிபடும்.

வேறு மூன்றையும் பலர் எக்சிமா என்று நினைத்துவிடுகிறார்கள். தலையில் எண்ணெய்ப் பிசுக்காக மஞ்சள் செதிள், ஆனால் பிள்ளை சிரித்துக்கொண்டு இருக்கிறது என்றால் அது அநேகமாகத் தானாகப் போகும் பொடுகு வகை. கழுத்திலும் முதுகிலும் ஊசிமுனை போலப் பொருக்கென்று வந்தால் கொழும்பு வெக்கைக்கு வரும் வேர்க்குரு. வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் இரவில் கடிக்கிறது, பிள்ளையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் பருக்கள் இருக்கின்றன என்றால் அது சிரங்கு. அதற்கு வீடு முழுவதும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் பூசிப் பயனில்லை.

2. சனல் பண்ணி (தனியார் டொக்டரிடம் நம்பர் போட்டு) காத்திருக்கக் கூடாத நிலை

காய்ச்சலோடு தோலில் தேன்நிறப் பொருக்கு, நீர் வடிதல், சூடாக வீங்குதல் வந்தால் கிருமி தொற்றியிருக்கிறது, அன்றே காட்டுங்கள். ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து குழிப்புண்ணாகி, பிள்ளை சோர்ந்து கிடந்தால் அது ஹெர்பிஸ் வைரசாக இருக்கலாம். இரவென்றாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உதட்டோரம் கொப்புளம் வந்திருக்கும் பெரியவர்கள் பிள்ளையை முத்தமிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

எதையாவது சாப்பிட்டுச் சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

3. எங்கே காட்டுவது

முதல் படி மிட்வைப் (குடும்பநல மருத்துவிச்சி). தடுப்பூசிக்கும் நிறை பார்க்கவும் நீங்கள் போகும் கிளினிக்கில், அடுத்த முறை வரும்வரை காத்திராமல் தோலைக் காட்டுங்கள். லேசானதென்றால் அங்கிருக்கும் டொக்டரே பார்த்துச் சொல்வார். இல்லையென்றால் மேலிடத்துக்குக் கடிதம் தருவார். அந்தக் கடிதத்தின் அருமை அரச ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது தெரியும்.

அரச வழியில் பொரளையிலுள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசில்லை. ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) துண்டு எடுத்து, டொக்டர் பார்த்து, தேவையென்றால் தோல் கிளினிக்குக்கு நாள் தருவார்கள். கிளினிக் குறிப்பிட்ட நாட்களில்தான். எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுப்பார்கள் என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலை நேரத்தோடு போய்விட்டால் மதியத்துக்குள் வீடு திரும்பலாம், பத்து மணிக்குப் போனால் அந்த நாள் போச்சு. வெள்ளவத்தைப் பக்கமிருந்து 154 பஸ் பொரளைக்குப் போகும், ஆனால் கைக்குழந்தையோடு காலை நெரிசலில் ஏறுவதைவிட ஓட்டோ நல்லது. சொந்த வாகனத்தில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். சில மருந்துகள் ஆஸ்பத்திரியில் முடிந்திருக்கும், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். கையில் கொஞ்சம் காசு இருக்கட்டும்.

தனியார் வழி வேகமானது. போனிலோ ஆப்பிலோ சனல் பண்ணலாம். டொக்டர் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம், ஆப்பில் போட்டால் அதற்கொரு சேவைக் கட்டணம் என்று தனித்தனியாக ஏறும். இது இடத்துக்கிடம் வேறுபடுவதால் நம்பர் போடும்போதே மொத்தத்தைக் கேளுங்கள். டொக்டர் வராவிட்டால் பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். நேரம் என்று அச்சடித்து வருவதை நம்பாதீர்கள், உங்கள் நம்பர்தான் நேரம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாலை ஆறு மணி என்று சொன்னார்கள், நாங்கள் உள்ளே போகும்போது ஒன்பது தாண்டிவிட்டது. அதுவரை பிள்ளை ஏ.சி. காற்றுக்கு நேரே இருந்து இன்னும் வறண்டதுதான் கண்ட மிச்சம்.

பிள்ளை டொக்டரா, தோல் டொக்டரா? முதலில் பிள்ளை டொக்டர் போதும். முறையாகப் பூசியும் இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கவில்லை, அல்லது கண்ணைச் சுற்றி வருகிறது என்றால் தோல் நிபுணரிடம் போங்கள். பெயர்ப்பலகையில் ‘ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போட்டிருப்பதெல்லாம் நிபுணர் அல்ல. சில இடங்கள் முகம் வெளுக்க வைக்கும் அழகு நிலையங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள்.

4. கையில் எடுத்துப் போக வேண்டியவை

தடுப்பூசியும் நிறையும் எழுதிய பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் கட்டாயம். இதோடு ஒரு எண்பது பக்கக் கொப்பி. அரச கிளினிக்கிலும் கொப்பியில்தான் எழுதுவார்கள். தனியாரில் காட்டும்போதும் அதே கொப்பியில் மருந்துச் சீட்டை ஒட்டிவிடுங்கள். மூன்று டொக்டர்களிடம் மாறி மாறிப் போய், மூவருக்கும் மற்றவர் என்ன கொடுத்தார் என்று தெரியாமல் ஒரே வகை ஸ்டீரொயிட் (தடிப்பையும் கடியையும் அடக்கும் மருந்து) மூன்று பெயர்களில் வீட்டில் சேர்ந்துவிடும். இது கொழும்பில் சர்வசாதாரணம்.

இதுவரை பூசிய எல்லா டியூப்பையும், வெறுமையானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். “வெள்ளை டியூப், நீல மூடி” என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. தோல் மோசமாக இருந்த நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்களும் போனில் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில்தான் பிள்ளையின் தோல் பளிங்கு மாதிரி இருக்கும்!

வேலை இடத்தில் மருத்துவக் காப்புறுதி இருந்தால், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி கொடுத்துப் பிள்ளையைச் சேர்த்தாயிற்றா என்று முதலில் உறுதி செய்யுங்கள். வெளிநோயாளர் செலவையும் கொடுப்பார்களா என்று கேளுங்கள். பில்லில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயர் அல்ல. மூலப் பில்லைக் கொடுக்குமுன் சீட்டையும் பில்லையும் படமெடுத்து வையுங்கள்.

சிங்களம் சரளமில்லாதவர்களுக்கு: “பபாட்ட கஹனவா” என்றால் பிள்ளைக்குக் கடிக்கிறது, “ரே நிதாகன்னே நே” என்றால் இரவில் நித்திரை இல்லை. இந்த இரண்டும் போதும், மிஸ் (தாதி) மற்றதைக் கேட்டுக்கொள்வார்.

அறையைவிட்டு வெளியே வருமுன் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த டியூப் முகத்துக்கு, எது உடம்புக்கு? நாளுக்கு எத்தனை முறை? எத்தனை நாள்? அடங்கிய பிறகு எப்படி நிறுத்துவது? பதிலை அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள்.

5. குளிப்பாட்டலும் பூச்சும்

இதுதான் உண்மையான வைத்தியம், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

நாளுக்கு ஒரு முறை, இளஞ்சூட்டு நீரில், ஐந்து முதல் பத்து நிமிடம். அம்மம்மாமார் வைக்கும் சூடு அதிகம், உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. நுரைக்கும் சவர்க்காரம் வேண்டாம். வாசனை இல்லாத சவர்க்கார மாற்று வாங்கலாம், அல்லது எமல்சிபையிங் ஒயின்ட்மென்டைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஆறவைத்துக் கழுவலாம். பார்மசியில் மலிவாகக் கிடைக்கும் அக்வஸ் கிறீமைக் கழுவுவதற்குப் பாவிக்கலாம், பூசி அப்படியே விடுவதற்கு வேண்டாம். அதில் சேரும் சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் தோலிலேயே தங்கினால் சில பிள்ளைகளுக்கு எரியும்.

துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் இன்னும் ஈரப்பதமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், ஈரப்பத கிறீமைப் பூசிவிட வேண்டும். அதனால் குளிக்க வார்க்குமுன் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிடுங்கள். பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு அலுமாரி அலுமாரியாகத் தேடினால் நேரம் போய்விடும். மயிர் வளரும் திசையில், மேலிருந்து கீழாக. வட்டமாகத் தேய்த்தால் மயிர்க்கால்களில் பரு வரும்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறோம். ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு நூறு கிராமுக்கு மேல் செலவாகும், குளித்த பிறகு மட்டுமல்ல, நாளுக்கு மூன்று நான்கு முறை பூசினால்தான் பலன். அதனால் ஐம்பது கிராம் இறக்குமதி டியூப் வாங்கிச் சிக்கனமாகத் தடவுவதைவிட, மலிவான பெரிய டப்பா வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். வெள்ளை மென் பரபின், அதாவது சாதாரண வாசனையற்ற வஸலீன், நன்றாக வேலை செய்யும். ஆனால் கொழும்பு வெக்கையில் பகலில் கட்டியாகப் பூசினால் வியர்வை அடைபட்டு வேர்க்குரு வரும். பகலில் லேசான கிறீம், இரவில் ஒயின்ட்மென்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், இந்த ஈரக்காற்றில் கிருமி சேர நேரமெடுக்காது.

ஒரு கடுமையான எச்சரிக்கை: பரபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. குத்துவிளக்கு, நுளம்புச் சுருள், சாம்பிராணித் தட்டு எதுவும் பிள்ளை கிடக்கும் இடத்தில் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சுத்தமான, வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் பல பிள்ளைகளுக்கு ஒத்துப்போகும். பிலிப்பைன்சில் பிள்ளைகளிடம் நடந்த ஒரு சோதனையில் அது மினரல் எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஒலிவ் எண்ணெய் விலையும் கூட, தோலின் தடுப்பையும் கெடுக்கும். கடுகெண்ணெயும் வேண்டாம். புதிதாக எதைப் பூசினாலும் முதலில் கையில் ஒரு சிறு இடத்தில் சில நாள் பூசிப் பாருங்கள்.

6. ஸ்டீரொயிட் கிறீம்: பயமும் அலட்சியமும்

டொக்டர் ஹைட்ரோகோட்டிசோன் 1% எழுதிக் கொடுப்பார். வீட்டில் பெரியவர்கள் “ஸ்டீரொயிட்டா?” என்று முகம் சுளிப்பார்கள். அதனால் பயந்து பயந்து ஒரு புள்ளி தொட்டு வைத்து, இரண்டாம் நாள் நிறுத்தி, மூன்றாம் நாள் திரும்பக் கிளம்ப, மொத்தத்தில் நீண்ட காலம் பூச வேண்டி வருகிறது. மென்மையான வகையை, சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் பூசி முடிப்பதுதான் குறைவான ஸ்டீரொயிட்.

அளவு இப்படி: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூப்பிலிருந்து பிதுக்கினால் அது அரை கிராம், பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி ஒன்று, ஒரு முழுக்கைக்கு ஒன்று, ஒரு காலுக்கு ஒன்றரை. தடித்த இடத்தில் மட்டும் பூசுங்கள். ஈரப்பத கிறீமுக்கும் இதற்கும் இடையில் இருபது நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் இரண்டும் கலந்து ஐதாகிவிடும்.

ஆறிய இடம் வெளுத்துத் தெரியும். “கிறீம்தான் வெளுக்க வைத்தது” என்பார்கள். பெரும்பாலும் அது எக்சிமா விட்டுப்போன அடையாளம், மாதக் கணக்கில் மெல்ல நிறம் திரும்பும்.

7. பார்மசி கவுண்டரில்

சீட்டில்லாமல் போய் “பிள்ளைக்குக் கடி” என்றால் சில இடங்களில் ஒரு கலவை டியூப்பை எடுத்து நீட்டுவார்கள். பெட்டியின் பின்பக்கம் க்ளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால், கூடவே பங்கசு மருந்தும் அன்டிபயோட்டிக்கும் சேர்ந்திருந்தால், வாங்காதீர்கள். அவை வலுவானவை. இரண்டு நாளில் முகம் தெளிந்துவிடும், அதுதான் ஆபத்து. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். டொக்டர் பார்த்து எழுதினால் அது வேறு கதை.

ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ‘பிரிட்டோன்’ (Piriton) பாணியும் அப்படித்தான். அது தூக்கம் வரவைக்குமே தவிர எக்சிமாக் கடியை அவ்வளவாகக் குறைக்காது. கைக்குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

சீட்டில் எழுதிய மருந்துக்கு முதலில் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விலை குறைவு. நகர மண்டபத்துக்குக் கிட்ட ஒன்று இருக்கிறது. முகநூலில் விற்கும், சேர்மானம் எழுதாத ‘மூலிகை பேபி கிறீம்’ என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

8. வீட்டில் நிறுத்த வேண்டியவை

முதலாவது பேபி கொலோன். இந்த ஊரில் குழந்தையைப் பார்க்க வருபவர்கள் பாதிப் பேர் கொண்டுவருவது அதைத்தான். மதுசாரமும் வாசனையும் சேர்ந்தது, வெடித்த தோலில் பட்டால் எரியும். பௌடர், வாசனைத் துடைப்பான், குளிக்கும் நீரில் விடும் டெட்டோல், உடுப்புக்குப் போடும் வாசனைத் திரவம் எல்லாம் அதே பட்டியல். பயற்றம்மா, கடலைமா தேய்ப்பதையும் தோல் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். சாம்பிராணிப் புகை பிடிக்காமல் தலை காயாது என்று அப்பம்மா சொன்னால், “டொக்டர் வேண்டாம் என்றவர்” என்று டொக்டர் தலையில் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த ஒரே வாதம் இதுதான்.

பஞ்சாயுதம், காப்பு, அரைஞாண் கொடி ஆகியவற்றின் அடியில் தோலைப் பாருங்கள். தங்கம் என்று தந்தாலும் கலப்பில் நிக்கல் இருந்தால் அந்த வட்டத்தில் மட்டும் தடிக்கும்.

உடுப்புக்குப் பருத்தி. பழைய, பலமுறை துவைத்த வேட்டித் துணிக்கு ஈடு எந்தக் கடையிலும் இல்லை. கழுத்து லேபிளை வெட்டிவிடுங்கள், துவைத்ததை இரண்டாம் முறை அலசுங்கள், நகத்தை வாரம் இரு முறை வெட்டுங்கள். மார்ச், ஏப்ரல் வெக்கையில் வியர்த்தவுடன் ஈரத்துணியால் ஒற்றித் திரும்பப் பூசுங்கள். ஏ.சி. போடலாம், காற்று நேரே படாமல் கிடத்துங்கள்.

9. சாப்பாடும் தடுப்பூசியும்

பால் கொடுக்கும் அம்மாவுக்குக் கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், தக்காளி எல்லாம் கிரந்தி (தோலில் கிளப்பும் சாப்பாடு) என்று நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் எக்சிமா உணவால் வருவதில்லை. அம்மா மெலிந்ததுதான் மிச்சம். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் தடிப்பு, வாந்தி என்று திரும்பத் திரும்ப வந்தால் எழுதி வைத்து டொக்டரிடம் காட்டுங்கள், நீங்களாகப் பால்மாவை மாற்றாதீர்கள். நிறையப் பணம் கேட்கும் அலர்ஜி இரத்தப் பரிசோதனைத் தொகுப்புகளையும் சொந்தமாகச் செய்விக்காதீர்கள். அதில் ‘பொசிட்டிவ்’ வருவதெல்லாம் உண்மையான ஒவ்வாமை அல்ல, அதை நம்பிப் பத்துச் சாப்பாட்டை நிறுத்தினால் பிள்ளையின் நிறை விழும்.

முட்டையையும் கச்சானையும் (நிலக்கடலை) ஒரு வயது தாண்டட்டும் என்று தள்ளிப்போடுவதும் இப்போது தலைகீழாகிவிட்டது. 2015 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கடுமையான எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே கச்சான் கொடுத்ததில் ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைந்தது. உங்கள் பிள்ளைக்குக் கடுமையானதென்றால் எப்போது, எப்படித் தொடங்குவது என்று ஆறு மாதமாகும் முன்பே டொக்டரிடம் கேளுங்கள். முழுக் கச்சான் அல்ல, மாவாக அரைத்துக் கரைத்தது. முழுசாகக் கொடுத்தால் புரைக்கேறும்.

எக்சிமா இருக்கிறதென்று தடுப்பூசியைப் பிந்த விடாதீர்கள். 2, 4, 6 மாத ஊசிகள் உரிய நேரத்தில் போகட்டும். ஊசி போடும் இடத்தில் தோல் வெடித்திருந்தால் மிஸ்ஸிடம் காட்டுங்கள், வேறு இடம் பார்ப்பார்.

10. யாழ்ப்பாணம் போகிறீர்களா?

கொழும்பில் ஆற்றுத் தண்ணீருக்குப் பழகிய தோல், அங்கே சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் கிணற்றுத் தண்ணீரில் வறளலாம். அதற்காக விலையான வடிகட்டி எதுவும் வாங்காதீர்கள். தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் கருவியைப் பிரித்தானியாவில் சோதித்துப் பார்த்ததில் எக்சிமாவுக்குப் பலன் இல்லை. குளியலைச் சுருக்கி, பூச்சைக் கூட்டுங்கள். போகும் நாட்களுக்குத் தேவையானதைவிட ஒரு டப்பா கூட எடுங்கள், டொக்டர் தந்த டியூப்பைக் கைப்பையில் வையுங்கள். பஸ்ஸின் கீழறையில் போட்டால் வெக்கையில் உருகிவிடும். முடிந்துபோய் அங்கே வாங்க வேண்டி வந்தால், போனில் இருக்கும் மருந்துச் சீட்டுப் படத்தைக் காட்டி அதே மருந்து, அதே வீதமா என்று பெட்டியில் வாசித்துவிட்டு வாங்குங்கள்.